மானிப்பாய் மறவாத மருத்துவர்

கடவுளிடத்தில் அன்புடையேன் என்று நாவினாற் சொல்லுதல் எவர்க்கும் எளிது. அவ்வன்பு மெய்யானதா என்று காண்பதற்கு உரைகல் ஒன்று வேண்டும். பிறர்க்குச் செய்யும் பணியே அவ்வுரைகல் என்பதிற் சமயப் பெரியோர் ஒருமித்த கருத்தினர். திருநாவுக்கரசர் கையில் உழவாரம் ஏந்திக் கோயில் முன்றிலிற் புல் செதுக்கினார். திருமூலரோ மனிதரையே நடக்கின்ற கோயில்களாகக் கண்டார். அம்மனிதர்க்குக் கொடுப்பது இறைவனையும் சென்று சேரும் என்பது அவர் துணிபு.

இவையெல்லாம் நாம் பிள்ளைப் பிராயந்தொட்டுக் கேட்டுவரும் பொருள்கள். ஆயினும், பணி செய்பவர் நம்மவர் அல்லராயின் நம் உள்ளம் சற்றே தயங்குகின்றது. வேற்று நாட்டினர், வேற்று மொழியினர், வேற்றுச் சமயத்தினர் ஒருவர், தம் கடவுளின் பெயரால் நம்மிடம் வந்து நம் நோயைத் தீர்ப்பாராயின், அதனை எவ்வாறு மதிப்பது? அன்பு என்று கொள்வதா? சமயம் மாற்றுதற்கு விரித்த வலை என்று ஒதுக்குவதா?

கரவெட்டியில் வாழும் எமக்கு இக்கேள்வி புதியதன்று. அத்துளு அம்மனையும் தச்சந்தோப்புப் பிள்ளையாரையும் வழிபட்டு வளர்ந்த ஊர் இது. இவ்வூரை உள்ளடக்கிய வடமராட்சியில் வெஸ்லியன் மிஷனார் பணி செய்தனர். பருத்தித்துறையில் 1838ஆம் ஆண்டு அவர்கள் தொடக்கிய பாடசாலையே பின்னர் ஹாட்லிக் கல்லூரியாயிற்று. அங்கே கற்றுச் சைவராகவே வாழ்ந்து சைவராகவே மறைந்த வடமராட்சியார் பலர். எனவே, கொடுத்தவரின் நோக்கத்தையும் கொண்டவரின் பயனையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. அப்பழக்கத்தின் துணைகொண்டு, வலிகாமத்து மானிப்பாயிற் பணிசெய்த ஓர் அமெரிக்க வைத்தியரின் வாழ்வை இங்கு ஆராய்வோம். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர்.

கடல் கடந்த இளைஞர்

அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் என்றொரு நகர் உண்டு. அந்நகரில் ‘கிறீன் குன்று’ என வழங்கிய குடும்பப் பண்ணையில், 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் கிறீன் பிறந்தார். அவர் தமையனாருள் ஒருவரான அன்றூ ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க் மாநகரை உருவாக்கிய பெருமக்களுள் ஒருவராகப் பிற்காலத்திற் போற்றப்பட்டவர். தம்பியாரும் அந்நகரிலேயே வைத்தியம் பயின்று 1845இற் பட்டம் பெற்றார். பொருளும் புகழும் தேடுவதற்கு அதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை. ஆனால் அவர் நெஞ்சம் வேறு திசையை நோக்கிற்று. 1847இற் கப்பலேறி, அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் 1816இற் காலூன்றியது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிற் பெண்கள் பாடசாலையும், 1841இல் ‘உதயதாரகை’ப் பத்திரிகையும் அம்மிஷனின் முயற்சியால் தோன்றின. வைத்தியப் பணியிலும் கிறீனுக்கு முன்னோர் இருந்தனர். பண்டத்தரிப்பிலே 1820 முதல் வைத்தியம் பார்த்த டாக்டர் ஜோன் ஸ்கடர் அவர்களுள் முதல்வர்.

கிறீன் வந்த காலத்தின் நிலையை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். ஈதர் என்னும் மயக்கமருந்தை நுகரச் செய்து, நோவின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பது பொஸ்ரன் நகரிலே பலரறியக் காட்டப்பெற்றது 1846இலேதான். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே தொற்றுநோய்க்குக் காரணம் என்னும் கொள்கை அன்று நிலைபெறவில்லை. வாந்திபேதியின் கிருமியை றொபேட் கொக் என்ற ஜேர்மானிய அறிஞர் கல்கத்தாவிலே ஆராய்ந்து உறுதிப்படுத்திய 1884ஆம் ஆண்டே கிறீன் மறைந்த ஆண்டுமாகும். ஆகவே, தாம் எதிர்த்து நின்ற பகைவனின் முகத்தையே அறியாமல், ஆயுள் முழுவதும் அவர் நோயோடு போராடினார் எனலாம்.

யாழ்ப்பாணத்திலே வைத்தியம் அன்று இல்லாமலில்லை. அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களின் வழிவந்த பரிகாரிமார் ஊர்தோறும் இருந்தனர். மூலிகையறிவிலும் நாடிப் பரிசோதனையிலும் அவர்கள் வல்லவர்கள். ஆனால் உடலைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையும், பிள்ளைப்பேற்றிலே சிசு குறுக்கிட்டு நிற்கும்போது தாயைக் காக்கும் வழியும் அரியனவாயிருந்தன. அந்த வெற்றிடத்தை நிரப்புதற்கே கிறீன் 1848இல் மானிப்பாயில் அமர்ந்தார். அவ்வாண்டிலேயே தமிழ் இளைஞர் சிலரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கவும் தொடங்கினார். தம்மிரு கைகளும் எத்தனை பேரைத் தொடமுடியும் என்று கணக்கிட்ட அவர், தொடுகின்ற கைகளைப் பெருக்குவதே தக்க வழி என்று தெளிந்தார்.

ஒரே ஆண்டிற் பிறந்த இருவர்

ஈண்டு ஒரு வியத்தகு பொருத்தத்தைக் குறிப்பிடாமல் இருத்தல் இயலாது. கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டு, டிசெம்பர் 18ஆம் நாள், நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்தார். கிறீன் மானிப்பாயிலே பணி தொடங்கிய அதே 1848இலே, பேர்சிவல் பாதிரியாரிடமிருந்து விலகிய நாவலர், வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். ஒருவர் கிறிஸ்துவை அறிவிக்க வந்தவர். மற்றவர் அவ்வறிவிப்புக்கு எதிரே சைவத்தின் அரணாக நின்றவர். இருவர்க்கும் இடையே இருந்த தூரமோ சில கல் தொலைவே.

ஆயினும், இருவரையும் அருகருகே வைத்து நோக்கும்போது வேறொரு காட்சி தோன்றுகின்றது. நாவலர் பாடசாலையையும் அச்சியந்திரத்தையும் அந்நியருடையவை என்று வெறுக்கவில்லை. அவற்றைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, செய்யுளிலே கிடந்த சமயப் பொருளை யாவர்க்கும் விளங்கும் வசனநடைக்குக் கொணர்ந்தார். கிறீனோ, ஆங்கிலத்திலே கிடந்த வைத்தியப் பொருளைத் தமிழ் வசனத்திற்குக் கொணர்ந்தார். 1870களிலே பஞ்சம் வந்தபோது நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளின் பசி தீர்த்தார். வாந்திபேதி பரவிய காலங்களிலே கிறீனும் அவர் மாணவரும் நோயாளரிடம் சென்றனர். கொள்கையால் எதிரெதிர் நின்ற இருவரையும், துன்புறும் தமிழ் மக்களிடத்தே கொண்ட அன்பு ஒரே வகைப் பணிக்கு இழுத்து வந்தது.

தமிழிலே வைத்தியம்

கிறீன் முதலிற் கற்பித்தது ஆங்கிலத்திலேயே. அவருடைய மாணவர் நன்றாகவே கற்றனர். ஆனால் கற்றபின் நேர்ந்தது என்ன? ஆங்கிலமும் வைத்தியமும் ஒருங்கே அறிந்த இளைஞரை அரசாங்க உத்தியோகம் கவர்ந்தது. அவர்கள் பிறந்த ஊரைவிட்டு வேற்றூர்களுக்குச் சென்றனர். எந்த ஊர் மக்களுக்காகப் பயிற்சி அளிக்கப்பட்டதோ, அந்த ஊர் மக்கள் மீண்டும் வைத்தியரின்றி இருந்தனர்.

இதனைக் கண்ட கிறீன், வைத்தியக் கல்வி முழுவதையும் தமிழிலேயே கற்பிப்பது என்ற துணிவுக்கு வந்தார். 1857இல் விடுமுறையில் தாயகம் சென்று, 1862இல் மார்க்கரெட் வில்லியம்ஸ் என்னும் மங்கையை மணந்து அவ்வாண்டே அவர் மானிப்பாய்க்கு மீண்டார். 1860களின் நடுப்பகுதியில் தமிழ் வகுப்புத் தொடங்கியது. அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60க்கு மேற்பட்டோர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர்கள்.

மொழியோடு மட்டும் அவர் நின்றுவிடவில்லை. தம்மிடம் பயிலும் மாணவர் தமிழ் உடையையும் தமிழ் உணவையும் தமிழ்ப் பழக்கவழக்கங்களையும் கைவிடலாகாது என்று விரும்பினார். அவர்கள் கிறிஸ்தவராவதை அவர் உளமார விரும்பினார் என்பதும் உண்மை. ஆனால் ஐரோப்பியராக மாறுவதை விரும்பவில்லை. வெள்ளையர் உடையே நாகரிகத்தின் அடையாளம் என்று நம்மவரே மயங்கிய அக்காலத்தில், வெள்ளையர் ஒருவர் இவ்வாறு எண்ணியது சிறிய செய்தியன்று. வைத்தியன் நோயாளியின் வீட்டுத் திண்ணையில் இயல்பாக அமரக்கூடியவனாய் இருத்தல் வேண்டும். அவனைக் கண்டு ஏழை எழுந்து ஒதுங்கி நிற்கும் நிலை வந்தால், நோயின் உண்மை வெளிவராது. கிறீன் கொண்ட விருப்பத்தின் பயனாக நாம் உணர்வது இதுவே.

சொல் தேடிய உழைப்பு

தமிழிலே கற்பிப்பதற்குத் தமிழிலே நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். எலும்பு, நரம்பு, ஈரல் என்பவற்றுக்குப் பெயர் உண்டு. ஆனால் உடலை அறுத்தாராய்ந்தோர் கண்ட நூற்றுக்கணக்கான நுண்பகுதிகளுக்குப் பெயர் எங்கே? கிறீனும் அவர் தமிழ் மாணவரும் சேர்ந்து அப்பெயர்களைத் தேடினர். மாணவர் மொழிபெயர்க்க, ஆசிரியர் திருத்தினார். இவ்வாறு வெளிவந்த நூல்களின் பக்கங்களைக் கூட்டினால் 4,000க்கு மேற்படும்.

அந்நூற் பெயர்களே ஒரு பாடமாகும். ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’, ‘பிரசவ வைத்தியம்’ என்பவை 1850களில் வெளிவந்தவை. ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ என்பவை 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும், ‘மனுஷ சுகரணம்’ 1883இலும், ‘இந்து பதார்த்த சாரம்’ 1884இலும் வெளிவந்தன. அங்காதிபாதம் என்றது உடற்கூற்றியலை. சுகரணம் என்றது உடற்றொழிலியலை. இரணம் என்பது புண். ஆதலின் இரண வைத்தியம் என்றது சத்திரசிகிச்சையை. ஆகரம் என்பது சுரங்கம். வைத்திய அறிவின் சுரங்கம் வைத்தியாகரம் ஆயிற்று. இரசாயனத்துக்கு ஆங்கிலச் சொல்லையே எடுத்து, தமிழ் ஈறு கொடுத்துக் கெமிஸ்தம் என்றனர்.

மாணவர் இதிலே ஒன்றைக் கவனிக்கவேண்டும். வழக்கிலுள்ள சொல் பயன்பட்ட இடத்தில் அதனைக் கொண்டனர். அது போதாத இடத்தில் வடமொழியிலிருந்து ஆக்கிக்கொண்டனர். அதுவும் இயலாத இடத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைவித்துக்கொண்டனர். இன்றைய நம் செவிக்கு அச்சொற்களுட் பல வடமொழி மிகுந்தனவாகத் தோன்றலாம். அவற்றுக்கு மேலான தமிழ்ச் சொற்களைப் பின்வந்தோர் ஆக்கியும் உள்ளனர். ஆனால் சரியான சொல் அமையும்வரை நோயாளி காத்திருக்கமாட்டான் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். கிடைத்த கல்லைக்கொண்டு பாலம் கட்டினார்கள். அப்பாலத்தின்மேல் ஒரு தலைமுறை நடந்தது.

உடல்நலம் குன்றியமையால் 1873இலே கிறீன் குடும்பத்தோடு தாயகம் திரும்பினார். பணி முடிந்தது என்று ஓய்ந்திருக்க அவர்க்கு உரிமை இருந்தது. ஆனால் மேலே கூறிய நூல்களின் ஆண்டுகளை மீண்டும் நோக்குங்கள். மூன்று நூல்கள் அவர் திரும்பியபின் வெளிவந்தவை! பனி பெய்யும் வூஸ்ரர் நகரத்துப் பண்ணைவீட்டில், தமிழ் கேளாத சூழலில் அமர்ந்து, தமிழ் எழுத்துப் பிரதிகளை அவர் திருத்திக்கொண்டிருந்தார். 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள், பிறந்த ஊரிலேயே உயிர் நீத்தார். தமிழருக்கு வைத்தியத்தோடு நற்செய்தியும் கொணர்ந்தவர் என்ற பொருள்படத் தம் கல்லறையிற் பொறிக்கவேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார். அவ்வாறே பொறிக்கப்பட்டது. அமெரிக்க மண்ணிலே, அமெரிக்கர் ஒருவரின் கல்லறைக் கல், தமிழரின் பெயரைச் சுமந்து நிற்கின்றது.

மதிப்பிடும் முறை

கிறீனைச் சமயப் பற்றில்லாத தொண்டர் என்று கூறி அவரை நமக்கு ஏற்றவராக்கிக்கொள்வது பொய்யாகும். அவர் முழுமையான மிஷனரி. மருந்துக்கு வந்தோர் வேத வாசிப்பையும் பிரசங்கத்தையும் கேட்டனர். சைவத்தைப் பற்றிய அவர் எண்ணங்களை நாம் ஏற்கமுடியாது. ஏற்கவேண்டியதுமில்லை. நோயுற்றவன் தளர்ந்திருக்கும் வேளையிற் சமயம் பேசுவது தகுமா என்று கேட்பதும் நேர்மையான கேள்வியே. அக்கேள்வியை நாவலர் வழிவந்தோர் கேட்டதிலே தவறில்லை.

ஆனால் அன்பை அளப்பதற்கு வேறோர் அளவுகோலும் உண்டு. வலை விரிப்பவன் தன்னையே நாடி வரும்படி பிறரை வைத்திருப்பான். கிறீன் அதற்கு மாறாக, தாம் இல்லாமலே தமிழர் தம் நோயைத் தாமே தீர்த்துக்கொள்ளும் நிலையை உண்டாக்கப் பாடுபட்டார். தம் அறிவைத் தம்மோடு வைத்திராமல் நம் மொழியிலே இறக்கிவைத்தார். அறிவு ஒருமுறை ஒரு மொழிக்குள் வந்துவிட்டால், அம்மொழியைப் பேசுவோர் எச்சமயத்தினராயினும் அஃது அவர்களுடையதே. பிரசவ வைத்திய நூலைக் கற்றவன் ஒரு தாயின் உயிரைக் காத்தபோது, அத்தாய் நெற்றியில் திருநீறு அணிந்தவளாய் இருந்தமையால் அந்நூலின் பயன் குறைந்துவிடவில்லை. கிறீன் எண்ணிய அறுவடை அவர்க்கு முழுவதும் கிடைத்ததோ இல்லையோ, விதைத்தது நம் வயலில் முளைத்தது.

யாழ்ப்பாணத்தவர் அவரை மறந்துவிடவும் இல்லை. அவர் பெயர் தாங்கிய கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை மானிப்பாயில் இன்றும் உள்ளது. 1893இல் வந்த ஸ்கொட் தம்பதியர், அவர் விட்ட இடத்திலிருந்து அங்கே பணியைத் தொடர்ந்தனர். கவிஞர் அம்பி, ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூலை 1967இல் எழுதி, அவர் தமிழ்ப்பணியை நம் தலைமுறைக்கு நினைவூட்டினார்.

பண்டத்தரிப்பிலிருந்து வேலூருக்கு

இத்தகைய பணி ஓரிடத்தில் விழுந்து வேறோரிடத்திற் காய்ப்பதும் உண்டு. பண்டத்தரிப்பு ஜோன் ஸ்கடரை மேலே குறிப்பிட்டோம். அவர் 1836இற் சென்னைக்குச் சென்றார். அவர் பேர்த்தியே தமிழ்நாட்டில் வைத்தியம் பார்த்த ஐடா ஸ்கடர் அம்மையார். இளமையில் அவர்க்கு வைத்தியத்திலும் மிஷனிலும் நாட்டமில்லை. திண்டிவனத்திலே தந்தையாருடன் தங்கியிருந்தபோது, ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிள்ளைப்பேற்றில் வருந்தும் தம் மனைவியரைக் காக்க வருமாறு அவரை வேண்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவர் வேறொரு இந்து. வைத்தியம் அறியாத அப்பெண் தம் தந்தையாரை அனுப்புவதாகக் கூறியும், வேற்று ஆடவர் தம் பெண்டிரைப் பார்த்தலாகாது என்று மூவரும் மறுத்தனர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

அச்செய்தி அவர் வாழ்வை மாற்றிற்று. அமெரிக்கா சென்று வைத்தியம் கற்று, 1900இல் வேலூருக்கு மீண்டார். 1918இற் பெண்களுக்கென வைத்தியப் பாடசாலை ஒன்றைத் தொடக்கினார். இன்று நாடறிந்த வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அவ்வித்திலிருந்து வளர்ந்தது. நோயாளியின் மொழியும் வழக்கமும் அறிந்த நம் பெண்களே வைத்தியராதல் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. கிறீன் மானிப்பாயிற் கண்ட உண்மையை, ஐடா அம்மையார் வேலூரில் வேறொரு வழியாகக் கண்டார்.

நம் கடன்

இப்பொழுது நம்மைப் பற்றிச் சிறிது எண்ணுவோம். இலங்கையிலே கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870இல் ஆங்கிலத்திலே தொடங்கிற்று. கிறீனின் தமிழ் வகுப்பு அவர் சென்றபின் நெடுநாள் நீடிக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் அமைந்த மருத்துவ பீடமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றது. உலகத்து ஆராய்ச்சியோடு உறவு கொள்வதற்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நோயாளி தமிழிலேதான் நோகின்றான். சலரோகம் உடலை எவ்வாறு அரிக்கின்றது, மருந்தை இடையில் நிறுத்தினால் என்ன நேரும் என்பவற்றை ஒரு மூதாட்டிக்கு அவர் மொழியில் விளக்கிச் சொல்லும் வைத்தியன், அவ்வேளையில் கிறீனின் மாணவனே ஆகின்றான்.

கரவெட்டியிலும் நெல்லியடியிலும் பிள்ளைகளுள் ஒருவரேனும் கடல் கடந்து வாழாத வீடுகள் இன்று மிகச் சிலவே. அவர்களுள் வைத்தியர் உண்டு, தாதியர் உண்டு, முதியோர் இல்லங்களிலே பணிபுரிவோர் உண்டு. அன்று அமெரிக்கர் ஒருவர் தமிழ் கற்று மானிப்பாயில் நோயாளியின் கையைப் பிடித்தார். இன்று நம் பிள்ளை ஆங்கிலமோ பிரெஞ்சோ ஜேர்மனோ கற்று, முன்பின் அறியாத ஒரு வெள்ளைக்கார முதியவரின் கையைப் பிடிக்கின்றது. ஊதியத்துக்காகச் செய்யும் தொழில்தானே என்று இதனைக் குறைத்துக் கூறலாகாது. அக்கை எவ்வளவு பரிவோடு பிடிக்கின்றது என்பதே கேள்வி. பரிவோடு பிடிக்குமாயின், அத்தொழிலும் வழிபாடே.

விக்னேஸ்வராவிலும் நெல்லியடியிலும் பயிலும் மாணவர்க்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. எந்நாட்டிற்குச் சென்றாலும் அந்நாட்டு மக்களின் மொழியை அவர்கள் உள்ளம் புகும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். கற்ற அறிவை உங்கள் ஊரிலுள்ள ஒருவர்க்கேனும் தமிழிலே எடுத்துச் சொல்லுங்கள். உங்களையே நம்பி நிற்கும் பத்துப் பேரை உண்டாக்காமல், தம் காலில் நிற்கும் ஒருவரை உண்டாக்குங்கள். அன்புக்கு ஊர் இல்லை, கடல் இல்லை. ஆனால் அன்பு பேசுவதற்கு ஒரு மொழி வேண்டும். அது கேட்பவனின் மொழியாய் இருத்தல் வேண்டும் என்பதை, மானிப்பாயில் வாழ்ந்த ஒரு வைத்தியர் நமக்குக் காட்டிச் சென்றார்.